பட்டம் வேறு, பதிவு வேறு: வெளிநாட்டில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை



சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நன்கொடையாளர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் கல்விக் கடன் கேட்டு வரும் பிள்ளைகளிடம் சேர்க்கைக் கடிதமும் பெற்றோரின் சம்பளச் சீட்டும் போதும் என்கிறீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளையை மட்டும் அந்தத் தாள், இந்தத் தாள் என்று நாலு முறை அலைய விடுகிறீர்களே, ஏன்? நியாயமான கேள்விதான். அன்று நேரம் போதவில்லை. இரண்டொரு வார்த்தையில் பதில் சொல்லி அமர்ந்துவிட்டேன். கல்விப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் செயலவை உறுப்பினன் என்ற முறையிலும், முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்தியவன் என்ற முறையிலும் அதன் விரிவான பதிலை இம்மலரில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மருத்துவப் பட்டம் என்பது ஒருவர் ஒரு கல்லூரியில் பாடங்களைப் படித்துத் தேறினார் என்பதற்கான சான்று. நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதற்கு அது அனுமதி ஆகாது. அந்த அனுமதியைக் கொடுப்பது பல்கலைக்கழகம் அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் சட்டப்படி அமைந்த ஒரு மன்றம் கொடுக்கிறது. நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசிய மருத்துவ மன்றமே அந்த அதிகாரம் படைத்தது. அந்த மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாதவரை, எந்த நாட்டில் எத்தனை ஆண்டு படித்திருந்தாலும், சுவரில் எத்தனை பெரிய பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாலும், ஒருவர் இங்கே மருத்துவர் ஆக முடியாது. மீறித் தொழில் செய்தால் அது குற்றம்.

இதை ஏதோ அண்மையில் வந்த கெடுபிடி என்று எண்ணிவிடக் கூடாது. நன்கொடையாளர்களாகிய உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பழைய வரலாறு உண்டு. நம் வட்டாரத்தின் முதல் மருத்துவப் பள்ளி 1905-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. அதற்கான பணத்தை மக்களே திரட்டிக் கொடுத்தார்கள். டான் ஜியாக் கிம் என்னும் வணிகர் முன்னின்று 87,000 வெள்ளிக்கு மேல் சேர்த்தார். அதில் 12,000 வெள்ளி அவருடைய சொந்தப் பணம். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளியின் முதல் அணி 1910-இல் வெளிவந்தது. ஆனால் அதன் பட்டயத்தைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது 1916-இல்தான். ஆக, நம் மண்ணின் முதல் மருத்துவப் பள்ளிக்கே வேறொரு நாட்டு மன்றத்தின் வாசலில் காத்திருக்க வேண்டிய நிலை இருந்தது.

கொடுத்த அங்கீகாரம் திரும்பப் பெறப்படுவதும் உண்டு. இந்தியாவில் படித்த மருத்துவர்கள் பிரிட்டன் சென்று நேரே பதிவு செய்துகொள்ளும் வழி நெடுங்காலம் இருந்தது. 1975-இல் அந்த அங்கீகாரம் நின்றது. தேர்வு எழுதித்தான் நுழைய வேண்டும் என்றாயிற்று. கல்லூரிகள் அதே கல்லூரிகள். பாடமும் ஓரிரவில் மாறிவிடவில்லை. மன்றத்தின் முடிவு மட்டுமே மாறியது.

இனி நம் நாட்டு நடைமுறைக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மலேசியப் பிள்ளை முதலில் பெற வேண்டியது இடைக்காலப் பதிவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக, நம் மக்கள் வழக்கத்தில் சொல்வதானால் ஹவுஸ்மேனாக, பணியாற்ற வேண்டும். பயிற்சியை முறையாக முடித்த பிறகே முழுப் பதிவு. அதன் பிறகும் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வரிசையில் முதல் படியாகிய இடைக்காலப் பதிவுதான் நம் பிள்ளைகள் பலரை இடற வைப்பது. அது கிடைப்பதற்கு இரண்டே வழிகள். ஒன்று, மன்றம் அங்கீகரித்த கல்லூரியின் பட்டம். இல்லையேல், மன்றம் விதிக்கும் தகுதித் தேர்வில் தேர்ச்சி.

அங்கீகரித்த கல்லூரிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை என்று அது நெடுங்காலம் வழங்கிவந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பெயர்கள் இருந்தன. மன்றத்தின் இணையத் தளத்தில் எவர் வேண்டுமானாலும் அப்பட்டியலைப் பார்க்கலாம், இரகசியம் ஒன்றுமில்லை. பிறகு ஏன் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்? பட்டியலைப் பார்க்காமல் அல்ல. பார்க்கும் விதத்தில்தான் கோளாறு.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, மதுரை என்று பல கல்லூரிகள் அதனோடு இணைந்தவை. எங்கே படித்தாலும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றே. கர்நாடகத்திலும் 1996 முதல் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் இப்படிப் பல கல்லூரிகள். எனவே பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிடக் கூடாது. பிள்ளை எந்தக் கல்லூரியின் வகுப்பறையில் உட்காரப் போகிறானோ அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வேறு வகை; அவை தாமே பட்டம் வழங்குபவை. கல்லூரி புதிதாக அந்த நிலைக்கு மாறியிருந்தால் பட்டத்தில் அச்சாகும் பெயரும் மாறும். அந்தப் பெயரும் பட்டியலோடு ஒத்துவர வேண்டும்.

அடுத்தது தேதி. அங்கீகாரம் என்பது ஒரு கல்லூரிக்கு ஒருமுறை கட்டிவிட்டால் அவிழாத காப்பு அல்ல. எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, எந்தப் பாடத்திட்டத்துக்கு என்றெல்லாம் வரையறை இருக்கலாம். நம் பிள்ளைகள் சேரும்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. பட்டம் வாங்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் பட்டியல் மாறினால் என்ன ஆகும் என்பதை மன்றத்திடம் எழுத்து மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதே உத்தமம்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 1990-களின் பிற்பகுதியிலிருந்து நம் பிள்ளைகள் கிரிமியாவுக்குப் படிக்கச் சென்றது பலருக்கு நினைவிருக்கும். சிம்பெரோபோல் நகரில் இருந்த கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நம் இந்தியக் குடும்பங்களிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். கட்டணம் குறைவு, இடம் எளிதில் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டில் அதன் அங்கீகாரத்தை விலக்க முடிவானபோது எழுந்த கொந்தளிப்பு சாதாரணமானதல்ல. அப்போது நான் பணியில் இருந்தேன். ஆசிரியர் அறையிலும், கோயில் மண்டபத்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதே பேச்சு. அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கதி என்ன, இனிச் சேரப்போகும் பிள்ளையின் கதி என்ன என்று பெற்றோர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். கதை அதோடு முடியவில்லை. 2014-இல் கிரிமியா ரஷ்யாவின் வசமாயிற்று. பிறகு அந்தப் பல்கலைக்கழகம் வெர்னாட்ஸ்கி கிரிமியக் கூட்டரசுப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக்கப்பட்டது. உக்ரைனின் பல்கலைக்கழகம் என்று சேர்ந்த மாணவர், முடிக்கும்போது ரஷ்யாவின் பல்கலைக்கழகத்தில் இருந்தார். படிப்பில் அவர் செய்த தவறு எதுவுமில்லை. ஆனாலும் பதிவுக்குப் போகும்போது இந்தப் பெயர் மாற்றத்தையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லா முகவரும் ஏமாற்றுக்காரர் என்று நான் கூறமாட்டேன். விமான நிலையத்தில் வரவேற்று, விடுதியில் சேர்த்து, சாப்பாட்டுக்கு வழிசெய்து கொடுத்த நல்லவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் கொண்டுவரும் வண்ணக் கையேடுகளில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: உலக சுகாதார நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி. நம் பெற்றோர் இதைப் படித்ததும், உலகமே ஒப்புக்கொண்ட பிறகு மலேசியா ஒப்புக்கொள்ளாமல் போகுமா என்று நினைக்கிறார்கள். உண்மை யாதெனில், உலக சுகாதார நிறுவனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. முன்பு அது உலகிலுள்ள மருத்துவக் கல்லூரிகளின் விவரத் திரட்டு ஒன்றை வெளியிட்டு வந்தது. இப்போது 2014 முதல் உலக மருத்துவக் கல்வி சம்மேளனமும் வேறோர் அமைப்பும் சேர்ந்து ஒரு பொதுத் திரட்டை நடத்துகின்றன. அதில் பெயர் இருந்தால், அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்று மட்டுமே பொருள். தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் இருப்பதற்கும் நன்னடத்தைச் சான்றுக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

கல்லூரி சரியாக அமைந்துவிட்டால் மட்டும் போதாது. பிள்ளையும் சரியான தகுதியோடு சேர்ந்திருக்க வேண்டும். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, மருத்துவம் சேரும் முன் பெற்ற தேர்ச்சிகளையும் மன்றம் பார்க்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இன்னுமொரு பாடம் ஆகிய ஐந்திலும் குறைந்தது 'பி' நிலை என்பது மன்றத்தின் வழிகாட்டியில் வந்த வரையறை. அதற்கு மேல் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், ஏ-லெவல், அடிப்படைக் கல்வி என்று எதன் வழியாகச் சேர்ந்தாலும் அதற்குத் தனி அளவு உண்டு. அந்த அளவுகள் திருத்தப்படுவதும் உண்டாகையால் சேரும் ஆண்டின் வழிகாட்டியையே பார்க்க வேண்டும். ஒரு வெளிநாட்டுக் கல்லூரி, "எங்களுக்கு இந்த மதிப்பெண் போதும், வாருங்கள்" என்று சொல்வது அந்தக் கல்லூரியின் தாராளம். அந்தத் தாராளம் கோலாலம்பூரில் செல்லாது. வெளிநாடு செல்லும் முன் உயர்கல்வி அமைச்சிடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்கச் சொல்வதும் இதற்காகவே. நம் நிதியில் கடன் கேட்போரிடம் அந்தச் சான்றிதழைக் கண்டிப்பாகக் கேட்கிறோம். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொண்டாலும் கேட்போம்.

இங்கே ஓர் ஆசிரியனாக ஒரு சொல் கூறிக்கொள்ள அனுமதியுங்கள். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசாங்கத்தில் நிரந்தரப் பதவி கிடையாது. உயிரியலுக்கும் வேதியியலுக்கும் மூன்று டியூஷன் வைத்துக்கொண்டு மலாய் மொழியை எட்டிப் பார்க்காத பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். பத்தாண்டு கழித்து அந்த ஒரு பாடம் வந்து வாசலில் நிற்கும்.

இந்தியாவுக்குச் செல்ல விரும்புவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். அங்கே எம்.பி.பி.எஸ். சேர்வதற்கு இப்போது 'நீட்' என்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் அது உண்டு. முன்பெல்லாம் நேரே போய் நன்கொடை கட்டிச் சேர்ந்த உறவினரின் கதையை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்துவிட்டு வந்தவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் மேலே சொன்ன தகுதித் தேர்வு. நெடுங்காலம் மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் அதை நடத்தி வந்தார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. நோயாளியைப் படுக்கையருகே நின்று பரிசோதித்து, நோயை ஊகித்துச் சொல்லும் தேர்வும் உண்டு. இங்கேயே ஐந்தாண்டு படித்த பிள்ளைகள் எந்த அளவில் தேற வேண்டுமோ அதே அளவில் இவர்களும் தேற வேண்டும். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நம் வீட்டு நோயாளியை அவர் பார்க்கப் போகிறார் அல்லவா?

ஆனால் அந்தத் தேர்வு எத்தகைய மலை என்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். எங்கள் வட்டாரத்துப் பெண் ஒருத்தி. தந்தை லாரி ஓட்டுநர், தாய் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சேமநிதியில் இருந்ததை எடுத்து, வீட்டையும் அடகு வைத்து, மகளை ஆறாண்டு வெளிநாட்டில் படிக்க வைத்தார்கள். வந்து பார்த்தால் அந்தக் கல்லூரியின் பெயர் பட்டியலில் இல்லை. அந்தப் பெண் என்னிடம் வந்து சொன்ன வார்த்தை இன்னும் காதில் ஒலிக்கிறது: "சார், அங்க வார்டுல நோயாளிங்க எல்லாம் அவங்க பாஷையில பேசுவாங்க. பாடம் இங்கிலீஷ்ல. நோயாளிகிட்ட முழுசா உட்கார்ந்து பேசினதே கொஞ்சந்தான் சார்." எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் போதும், படுக்கையருகே நிற்கும் தேர்வுக்கு அந்தப் பழக்கம் வேண்டும். பகலில் டியூஷன் நிலையத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இரவில் படித்தார். முதல் முறை தவறி, அடுத்த முறை தேறினார். இப்போது கிழக்கு மலேசியாவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் இருக்கிறார். பட்டம் வாங்கியதற்கும் பதிவு வாங்கியதற்கும் இடையில் அவருக்கு மூன்றரை ஆண்டுகள் போயின. அந்த மூன்றரை ஆண்டும் வீட்டுக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவரோடு படித்த வேறொரு பையன் இரண்டு முறை எழுதிவிட்டு விட்டுவிட்டான். மருத்துவக் கருவி விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளனாக இருக்கிறான். உழைத்துச் சாப்பிடுகிறான்; அதில் இழிவொன்றுமில்லை. ஆனால் தந்தை அவனைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

பதிவு கிடைத்த பிறகு உள்ள பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு ஓராண்டாக இருந்த ஹவுஸ்மேன் பயிற்சி 2008 முதல் ஈராண்டாயிற்று. பொது மருத்துவம், அறுவை, எலும்பு, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று நான்கு நான்கு மாதமாக ஆறு பிரிவுகள். ஒரு பிரிவில் திறமை போதவில்லை என்றால் அதே பிரிவில் காலம் நீட்டிக்கப்படும். 2016 டிசம்பர் முதல் புதிதாக வருவோரை ஒப்பந்த அடிப்படையிலேயே எடுத்தார்கள். நிரந்தரம் கிடைக்குமா என்ற ஏக்கத்தில் 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அதற்கு முன், மருத்துவப் பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்று 2011-இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்கே தடை விதித்திருந்தார்கள். இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. 2019-இல் ஆறாயிரத்துக்கு மேல் இருந்த புதிய பயிற்சி மருத்துவர் எண்ணிக்கை 2023-இல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதனால் அங்கீகார விதி தளர்ந்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வேலை வாய்ப்பு வேறு, பதிவு வேறு.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் போகலாம் என்பவர்களுக்கு: சிங்கப்பூர் மருத்துவ மன்றத்துக்குத் தனிப் பட்டியல். அதில் 160 வெளிநாட்டுக் கல்லூரிகள் இருந்தன. 2020 ஜனவரி முதல் அது 103 ஆகக் குறைக்கப்பட்டது. 2025-இல் ஒன்பது கூட்டி 112 ஆக்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகமும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் அதில் உள்ளன. மலேசியா ஏற்ற கல்லூரியைச் சிங்கப்பூர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சிங்கப்பூர் ஏற்றதாலேயே மலேசியா ஏற்றுவிடும் என்பதும் கிடையாது. பட்டியலில் உள்ள கல்லூரியிலிருந்து போகும் வெளிநாட்டு மருத்துவரும் முதலில் மூத்த மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், நிபந்தனைப் பதிவில்தான் பணியாற்ற வேண்டும்.

நம்மை மட்டும் சோதிக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்காக இந்தியாவின் நடைமுறையையும் சொல்கிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் இந்தியக் குடிமக்களுக்கு 2002 முதல் அங்கே ஒரு தகுதித் தேர்வு நடைபெறுகிறது. மொத்தம் 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. பாதி மதிப்பெண்தானே என்று தோன்றும். பல தவணைகளில் எழுதியவர்களுள் நால்வரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2021-இல் வந்த விதி இன்னும் இறுக்கியது: படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும்; படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும்; பிறகு இந்தியாவில் இன்னோர் ஆண்டுப் பயிற்சி. அதற்கு மறு ஆண்டே, 2022 பிப்ரவரியில், உக்ரைனில் போர் மூண்டது. ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பாதிப் படிப்போடு ஊர் திரும்பினார்கள். ஒரே கல்லூரி என்ற விதி அவர்கள் கழுத்தைப் பிடித்தது. இதைப் படிக்கும்போது கிரிமியாவுக்குப் போன நம் பிள்ளைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவும் சொன்னதால் வெளிநாட்டு மருத்துவப் படிப்பே ஆபத்து என்று பொருள் கொள்ள வேண்டாம். 1953-இல் தொடங்கிய மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் படித்துவந்து நம் நாட்டு மருத்துவமனைகளில் பேர் வாங்கிய மலேசிய மருத்துவர்கள் எத்தனையோ பேர். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவரும் மருத்துவரும் அங்கே படித்தவர்தான். 1997-இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் கல்லூரி, ஆரம்பப் பாடங்கள் இந்தியாவிலும் மருத்துவமனைப் பயிற்சி மலாக்காவிலும் மூவாரிலும் என்று அமைந்தது. பினாங்கில் 1996 முதல் அயர்லாந்துக் கல்லூரிகள் இரண்டோடு இணைந்து நடந்துவரும் கல்லூரியில், முதல் ஆண்டுகளை டப்ளினில் படித்துவிட்டு மீதியைப் பினாங்கு நோயாளிகளிடையே படிக்கிறார்கள்; பட்டம் அயர்லாந்துத் தேசியப் பல்கலைக்கழகத்துடையது. கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. நோயாளியின் மொழி தெரிந்த இடத்தில் மருத்துவமனைப் பயிற்சி அமைவது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை மேலே சொன்ன பெண்ணைக் கேட்டால் தெரியும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா வைத்ததே மருந்து. பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். அந்தத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு, வீட்டில் ஒரு டாக்டர் என்பது வெறும் சம்பளக் கணக்கு அல்ல. அந்த ஆசையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆசையின் பெயரால் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடுவதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் மருத்துவம்தானா என்பது வேறு கேள்வி; அதற்கு வேறு மலரில் இடம் கேட்கிறேன்.

நன்கொடையாளர் கேட்ட தாள்கள் இவைதாம்: எஸ்.பி.எம். சான்றிதழும் அதற்கு மேற்பட்ட தேர்ச்சிச் சான்றிதழும். உயர்கல்வி அமைச்சின் தடையில்லாச் சான்றிதழ். கல்லூரி நேரடியாக அனுப்பிய சேர்க்கைக் கடிதம், முகவரின் கடிதத்தாளில் வந்தது அல்ல. மன்றத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் உள்ள பக்கம், எடுத்த தேதியோடு. பெயரில் ஐயம் இருந்தால் மன்றத்துக்கு எழுதிக் கேட்ட கடிதமும் அதற்கு வந்த பதிலும். கல்லூரி மாறும் எண்ணம் நடுவில் வந்தால், மாறுவதற்கு முன் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்திலேயே ஒரு விதி சேர்த்திருக்கிறோம். கல்லூரியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் விண்ணப்பம் செயலவைக்குப் போகாது. அது கைவிடல் அல்ல. அதே பிள்ளை வேறு கல்லூரிக்கோ வேறு படிப்புக்கோ விண்ணப்பித்தால் வரிசையில் முன்னுரிமை தருகிறோம்.

விண்ணப்பப் பாரங்கள் ஆலய அலுவலகத்தில் வேலை நாட்களில் கிடைக்கும். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர், முடிவு வருவதற்கு முன்பே, எந்த முகவரிடமும் முன்பணம் கொடுப்பதற்கும் முன்பே, கல்லூரியின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரலாம். வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். இருவரும் சேர்ந்தே பட்டியலைப் பார்ப்போம்.